அவரை இலையில் பதினேழு ஓட்டை

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்றால், விரல்கள் முந்தானை நுனியைப் பிடித்து எங்கேயாவது இழை விட்டிருக்கிறதா என்று தேடும். ஆறு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன வரும்? துணியைப் பார்த்தால் ஓட்டை, சுவரைப் பார்த்தால் விரிசல். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நூலில் தைத்திருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னேன். 'உன் கண்ணாலதான் உன் கல்யாணம் நின்னுச்சு நசீமா' என்று அம்மா இன்றுவரைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

நான் சொல்ல வந்தது தொண்ணூற்றாறில் நடந்தது. எங்கள் கம்பெனியில் துணி வெட்டுவது, அச்சடிப்பது, தைப்பது எல்லாம் ஒரே கூரைக்குள். முதலாளி வேலுமணியண்ணன் அந்த வருடம் மாடியில் ஓர் அறையை ஒழித்து, ஏசி மாட்டி, ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கி வைத்தார். கட்டிங் மாஸ்டரிலிருந்து கணக்குப்பிள்ளை வரை எல்லாரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்து வந்தார்கள். நானும் போனேன். மூடியைத் தூக்கினால் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கு மெதுவாக ஊர்ந்து போனது. அட, இது நம் துணி செக்கிங் மேசைதானே என்றுதான் எனக்குத் தோன்றியது. அங்கேயும் கண்ணாடி, அடியில் டியூப்லைட், மேலே துணி.

செக்கிங்கில் பழுது இருக்கும் இடத்தைக் காட்டச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஸ்டிக்கர் உரித்த தாளின் வழவழப்பில் பால்பாயிண்ட் பேனா நன்றாக ஓடும். வேலை குறைந்த நேரங்களில் அதில் பூ, கொடி, கோழி என்று எதையாவது கிறுக்கி வைப்பேன். பழைய டிசைன் ஆர்ட்டிஸ்ட் திடீரென்று வேலையை விட்டுப் போனபோது வேலுமணியண்ணன் அந்தத் தாள்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"கை நல்லாருக்குதுங்க அம்மிணி. ஆனா ஒண்ணு. இந்த சீசனுக்கு நீங்க பண்ணுற டிசைன் ஒண்ணாச்சும் பையர்கிட்ட ஓகே ஆகோணும். இல்லீன்னா ஏப்ரல் ஒண்ணாந்தேதி நீங்க பழையபடி கீழ செக்கிங்குக்குப் போயிரோணும். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? எனக்கு அந்த மாடி நாற்காலி வேண்டும். ஏசிக்காக இல்லை. அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். இருபத்தெட்டு வயது வரை அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்தே காலம் போய்விட்டது. நானாக ஒன்றைச் செய்து, அது நான் செய்தபடியே துணியில் ஏறி வெளியே போக வேண்டும். அதுதான் என் ஆசை. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. பெண்களுக்கான கறுப்பு டீஷர்ட். நெஞ்சில் ஒரே ஒரு படம். கருப்பொருள் 'தோட்டம் முடியும் பருவம்'. வேலுமணியண்ணன் அதை மூன்று முறை படித்தார்.

"தோட்டம் முடிஞ்சா என்னுங்க இருக்கும்? குப்பைதான் இருக்கும். இவுங்க ரோசாப் பூவத்தான் சுத்தி வளைச்சுக் கேக்கறாங்க."

ரோஜா வரைந்தேன். திரும்பி வந்தது. செண்டுமல்லி வரைந்தேன், கோழிக்கொண்டை வரைந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் ஃபேக்ஸில் ஒரே வரிதான்: ரொம்ப அழகாக இருக்கிறது, அதனால் வேண்டாம். அழகாக இருப்பதால் வேண்டாம் என்கிறவர்களை என்ன செய்வது? அந்த ஃபேக்ஸ் தாளைக் கசக்கித் தொட்டியில் போட்டேன். அப்புறம் அதை எடுத்து நீவி, ஃபைலில் வைத்தேன். காலண்டரில் மார்ச் கரைந்துகொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன்.

எங்கள் வீடு அனுப்பர்பாளையத்தில், வரிசையாகப் பத்து வீடு இருக்கும் ஒரு லைனில். காலையிலிருந்து பட்டறைகளில் பாத்திரம் தட்டும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காது ஓயும். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்கா பின்பக்கம் அவரைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் போட்ட தோட்டம். காய்ப்பெல்லாம் ஓய்ந்துபோய், கொடி காய்ந்து, இலை பூராவும் பூச்சி தின்ற சல்லடையாகி இருந்தது. பறிக்காமல் விட்ட வெண்டைக்காய் செடியிலேயே முற்றி, ஐந்து பக்கமும் வெடித்து, உள்ளே விதை வரிசை தெரிந்தது. கொத்தமல்லிச் செடி குச்சி குச்சியாய் நின்று, ஒவ்வொரு குச்சியின் தலையிலும் உருண்டை விதைகளோடு ஒரு குட்டிக் குடையை விரித்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி ஒரு மூலையில் குவித்தாள்.

"கொளுத்தப் போறேன் கண்ணு. துணி காயப் போட்டிருந்தா எடுத்துரு, பொகை அடிக்கும்" என்றாள்.

தீப்பெட்டி அவள் கையில் இருந்தது. நான் அந்தக் குவியலையே பார்த்தேன். தோட்டம் முடியும் பருவம். மூன்று வாரமாக நான் தலையைப் பிய்த்துக்கொண்ட சங்கதி, என் வீட்டுக் கொல்லையில் நெருப்புக்குக் காத்துக்கொண்டு கிடந்தது.

"அக்கா, கொளுத்தாதீங்க! எனக்கு வேணும்."

"இந்தக் குப்பையா? அட எஞ்சாமி, இத எடுத்துட்டுப் போயி என்ன பண்ணப் போறே?"

"கம்பெனிக்குக் கொண்டு போறேனுங்க்கா."

"உங்க கம்பெனியில அடுப்பெரிக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். ஆனாலும் ஒரு பழைய சேலையை எடுத்து வந்து விரித்து, நசுங்காமல் மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்குக் கவலையில்லை. வரைந்து வரைந்து அழகாக்கிவிடும் என் கையை இந்தத் தடவை நம்பப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஸ்கேனர் பார்க்கட்டும். அதற்கு அழகுபடுத்தத் தெரியாது.

ஆனால் ஸ்கேனரைத் தொடக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் காசிமாயன் அண்ணன் விட வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அந்த இயந்திரத்துக்குத் தினமும் சாம்பிராணி காட்டாத குறை. தாளைத் தவிர வேறு எதுவும் அந்தக் கண்ணாடியில் படக் கூடாது என்பது அவர் சட்டம். அவர் டீக்கு இறங்கிய நேரம் பார்த்து மூட்டையை அவிழ்த்தேன். ஓர் அவரைக் கொடித் துண்டு, இரண்டு வெண்டை, நாலு கொத்தமல்லிக் குடை. கண்ணாடியில் கீறல் விழக் கூடாதென்று கண்ணாடி போன்ற ஒரு ஃபிலிம் தாளை முதலில் விரித்தேன். அதன்மேல் அடுக்கினேன். மூடி மூடவில்லை, வெண்டைக்காய் தடுத்தது. கட்டிங் செக்‌ஷனிலிருந்து வந்த கறுப்புத் துணித் துண்டு ஒன்று மேசையில் கிடந்தது. அதை மேலே போர்த்திவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

விளக்கு ஊர்ந்தது. கம்ப்யூட்டரில் படம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை; நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். அதற்குள் பின்னால் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

"ஏத்தா, இது என்ன கூத்து? கண்ணாடி கீறுச்சுன்னா ஓனரு என்னையத்தேன் வைவாரு!"

"ஃபிலிம் போட்டுத்தான் வெச்சிருக்கேனுங்க அண்ணா."

"மண்ணோட கொண்டாந்து…" என்று ஆரம்பித்தவர் திரையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கறுப்பு இருட்டுக்குள் அந்தச் செடிகள் மிதந்தன. கொத்தமல்லி விதையின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. வெண்டைக்காயின் சுணை தெரிந்தது. நடுவில் அந்த அவரை இலை. வைக்கோல் நிறம், நரம்பு மட்டும் பழுப்பு, பூச்சி தின்ற ஓட்டை ஒவ்வொன்றின் வழியாகவும் பின்னாலிருந்த கறுப்பு. கண்ணாடியில் ஓர் எறும்பும் ஏறியிருக்கிறது. விளக்கோடு சேர்ந்து அதுவும் ஓடியதால் படத்தில் ஒரு விரல் நீளத்துக்கு இழுபட்டுக் கிடந்தது. காசிமாயன் அண்ணன் அந்த எறும்பைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அதோடு அவர் கோபம் போய்விட்டது. எறும்பைத் தட்டிவிட்டு அவரே இன்னொரு தடவை ஸ்கேன் செய்தார். பிறகு இலையை மட்டும் பெரிதாக வைத்தார்.

"இது ஒண்ணே போதும்த்தா" என்றார்.

அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். உள்ளது உள்ளபடி இருந்தது.

அதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கித் தாளில் எடுத்துக் கூரியரில் அனுப்பினோம். ஒன்பது நாள் ஃபேக்ஸ் மெஷின் பக்கத்திலேயே குட்டி போட்ட பூனையாய்ச் சுற்றினேன். மார்ச் இருபத்தாறாம் தேதி பதில் வந்தது: இதுதான், இதேதான், எதையும் மாற்ற வேண்டாம். வேலுமணியண்ணன் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். 'குப்பையக் கூட ஏத்துமதி பண்ணீட்டமுங்க' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதலில் சாம்பிளாக மூன்று டீஷர்ட் அச்சடித்துத் தைத்தோம். எங்கள் கம்பெனியில் எது தைத்தாலும் செக்கிங் மேசை தாண்டித்தான் வெளியே போகும். அந்த மேசையில் ராமுத்தாய் அக்கா இருந்தாள். ஆறு வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி. அவள் கையிலிருந்து ஓட்டையோடு ஒரு பீஸ் தப்பியது கிடையாது. சாயங்காலம் அவளே மாடி ஏறி வந்து மூன்றையும் என் முன்னால் போட்டாள். மூன்று இலையிலும் சிவப்பு அம்புகள். ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒன்று. எண்ணினேன், பதினேழு.

"என்னடி இது, பிரிண்ட் விழுகாம ஓட்டை ஓட்டையா கெடக்கு? நான் இருக்கையில இது வெளிய போகுமாக்கும்?"

"அது இலையில இருக்குற ஓட்டைக்கா. பூச்சி தின்னது."

"எது தின்னா என்ன? ஓட்டை ஓட்டைதேன்."

சிரித்தேன். வேலுமணியண்ணனும் சிரித்து, இரண்டு பீஸில் ஸ்டிக்கரை உரித்துப் பையருக்கு அனுப்பச் சொன்னார். மூன்றாவதை ராமுத்தாய் அக்கா பிடிவாதமாகக் கழிவு மூட்டையில் போட்டுக்கொண்டாள். பையர் இரண்டையும் பார்த்து ஓகே சொன்னார்.

ஆனால் எனக்குள் ஏதோ அரிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் சிவப்பு அம்புகளைப் பார்த்த பிறகு இலை எனக்கு இலையாகத் தெரியவில்லை. கண்ணை மூடினால் பதினேழு ஓட்டைதான் தெரிந்தது. இதே இலை துணியாக இருந்திருந்தால் நானே அல்லவா அம்பு ஒட்டியிருப்பேன்? வெள்ளைக்காரர் கடையில் ஒருத்தி இதை எடுத்துப் பார்த்து, 'அச்சு சரியில்லை' என்று வைத்துவிட்டுப் போனால்?

ஆர்டருக்கு அச்சடிக்க வேண்டிய நாளில் சாம்பிள் அடித்த ஸ்கிரீன், மை இறங்கும் அந்த வலைச் சட்டம், கிழிந்துபோயிருந்தது. புது ஸ்கிரீன் எடுக்க, இலையின் படம் கறுப்பாகப் பதிந்த பழைய ஃபிலிமைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை எனக்கு. ஃபிலிமில் தூசி விழுந்த இடங்களில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும். ஒபேக் என்கிற சிவப்பு மையை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு அதை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் துணியில் புள்ளி புள்ளியாக அச்சு விட்டுப்போகும். மதியம் மூன்று மணி. கரண்ட் போய் வந்து போய்க்கொண்டிருந்தது. காசிமாயன் அண்ணன் ஊர்த் திருவிழாவுக்கு லீவில் போயிருந்தார். ஒரு தூசிப் புள்ளியை அடைத்தேன். இன்னொன்றை அடைத்தேன். பக்கத்தில் இலை ஓரத்தில் சின்னதாக ஓர் ஓட்டை. இது ஒன்றை மட்டும் அடைத்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அடைத்தேன். அடடா, அந்த நிம்மதி! அரிப்பை விரலால் சொறிந்த நிம்மதி. அடுத்ததையும் அடைத்தேன்.

நாலு மணிக்கு இலை முழுசாக இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அன்றைக்குத்தான் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

மூன்று நாளில் மூவாயிரம் முன்பாகங்கள் அச்சாகி, உலர்ந்து, தைக்கத் தயாராக அடுக்கி நின்றன. நாலாம் நாள் பையிங் ஆபீஸிலிருந்து நஜீமுதீன் அண்ணன் வந்தார். பையருக்காக இங்கே தரம் பார்க்கிறவர் அவர்தான். அதிர்ந்து பேச மாட்டார். அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். பையிலிருந்து பையர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"வேலுமணியண்ணா, இலை நல்லாருக்குதுங்க. ஓட்டையெல்லாம் எங்கீங்க?"

வேலுமணியண்ணன் தாளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "காசிமாயா!" என்று கத்தினார்.

காசிமாயன் அண்ணன் ஓடி வந்தார். முதல் நாள்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார், தலையில் மொட்டைகூடக் காயவில்லை.

"ஒண்ணயும் மாத்த வேண்டாம்னு எழுதியிருக்கறாங்க. நீ என்றா பண்ணி வெச்சிருக்கே? கம்ப்யூட்டர்ல கண்டதயும் நோண்டாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

அவர் திருதிருவென்று விழித்தார். "நான் தொடலிங்க ஓனர். பழைய படத்தக் கூட அழிச்சுட்டேன், இடம் பத்தலைன்னு. இப்ப எடுத்துக் காட்டவும் வழியில்லிங்களே."

"அழிச்சுப் போட்டயா? அப்ப நீயேதான்!"

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் நாற்காலி போய்விடும். திறக்காவிட்டால் அவர் வேலை போய்விடும். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது, தெரிந்தும் நின்றேன். டீ வந்து, எல்லாரும் குடித்து, கிளாஸ் திரும்பிப் போகிற வரைக்கும் ஊமையாக நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது. ஊரெல்லாம் குறை சொல்லும் வாய்க்குத் தன் குறையைச் சொல்ல ஒரு கிளாஸ் டீ நேரம் வேண்டியிருந்தது.

"நான்தானுங்க" என்றேன். "ஃபிலிம்ல ஒபேக் வெச்சு அடைச்சுட்டேன். காசியண்ணன் அன்னிக்கு ஊர்லயே இல்லீங்க."

"எதுக்குங்க அடைச்சீங்க?" வேலுமணியண்ணன் கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"ஓட்டையா இருந்துச்சுங்களே."

நஜீமுதீன் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியால் வாயை மூடிக்கொண்டார். வேலுமணியண்ணன் சிரிக்கவில்லை. "சேரிங்க அம்மிணி. நாளைக்கிருந்து கீழயே போயிருங்க" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். அழுகை வரவில்லை, கைதான் பரபரத்தது. மூவாயிரம் இலை என்னால் கெட்டுப்போய் அடுக்கி நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்க முடியுமா? ஃபிலிமை எடுத்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒபேக்கோடு படத்தின் கறுப்பும் சேர்ந்து உரிந்து வந்தது. பையர் கையெழுத்துப் போட்ட தாளில் இலை உள்ளங்கை அளவு, ஓட்டைகள் கடுகளவு. அதிலிருந்து பிரதி எடுக்க முடியாது, நிஜ இலையோ எப்போதோ நொறுங்கிப்போயிருந்தது. அப்போதுதான் அந்தச் சிவப்பு அம்புகள் ஞாபகம் வந்தன.

"அண்ணா, ஒரு நாள் குடுங்க. அச்சடிச்சத எடுக்க முடியாது. ஆனா ஓட்டைய அச்சடிக்கலாமுங்க."

"என்னுங்க?"

"துணி கறுப்பு. ஓட்டைக்குள்ள தெரியறதும் கறுப்புதானுங்களே. ஓட்டைக்கு மட்டும் ஒரு ஸ்கிரீன் போட்டு, இலை மேல கறுப்பு அடிச்சுட்டாப் போதுமுங்க."

வேலுமணியண்ணன் நஜீமுதீன் அண்ணனைப் பார்த்தார். "செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்" என்றார் நஜீமுதீன் அண்ணன்.

ராமுத்தாய் அக்காவிடம் ஓடினேன். கழிவு மூட்டையின் அடியிலிருந்து அந்த மூன்றாவது சாம்பிளை இழுத்துப் போட்டாள். பதினேழு அம்பும் அப்படியே இருந்தன. 'நான் சொன்னப்ப சிரிச்சேல்ல' என்று ஒரு வார்த்தை கேட்டாள். கேட்கட்டும். அதை மேசையில் விரித்து, மேலே புது ஃபிலிமைப் போட்டு, அம்பு காட்டிய ஒவ்வோர் ஓட்டையையும் கறுப்பு மையால் வரைந்தேன். பிய்ந்த விளிம்பு பிய்ந்தபடி, கோணல் கோணலாக. மூன்று வாரம் அழகு அழகு என்று போன கைக்கு, ஒரு பூச்சியின் பல் தடத்தை ஒழுங்காக வரைய வியர்த்துக் கொட்டியது. துணியின் கறுப்பில் லேசாகப் பச்சை ஓடியது. அச்சடிக்கும் பேஸ்ட்டின் கறுப்பில் நீலம். பக்கத்தில் வைத்தால் காட்டிக் கொடுக்கும். காசிமாயன் அண்ணன் கலந்து கலந்து கொடுக்க, நான் கழிவுத் துணியில் அடித்து அடித்துப் பார்த்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும், "டீ குடிக்கையிலயே சொல்லியிருக்கலாம்த்தா" என்றார். பதினோராவது கலவை துணியோடு துணியாகக் கலந்தது.

நஜீமுதீன் அண்ணன் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார், தள்ளிப் பிடித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மூவாயிரம் இலையிலும் ஓட்டை விழுந்தது.

வேலுமணியண்ணன் அதற்காக மனசு மாறவில்லை. சொன்னபடி நான் கீழேதான் போனேன். பழைய நாற்காலி, ராமுத்தாய் அக்கா பக்கத்தில், எதிரே தைத்து வந்த என் டீஷர்ட்டுகள் மலையாக. இதைவிடப் பெரிய தண்டனை ஒருத்திக்கு உண்டா? நான் செய்ததற்கு நானே காவல். இலையிலிருக்கும் ஓட்டையை விட்டுவிட்டு, மற்ற பழுதைத்தான் பார்க்க வேண்டும் என்று மேசை முழுவதற்கும் உத்தரவு. முதல் நாள் ராமுத்தாய் அக்காவின் கை பத்து தடவை ஸ்டிக்கருக்குப் போய்ப் போய்த் திரும்பியது. வைதுகொண்டே வேலை செய்தாள்.

ஐந்தாம் நாள், கடைசிக் கட்டு. அவள் பார்த்து முடித்து நல்லது பக்கம் வைத்த ஒரு பீஸ் என் கண்ணில் பட்டது. இழுத்தேன். என் மூளை யோசிப்பதற்குள் கை ஓர் அம்பை எடுத்து இலையின் நடுவில் ஒட்டிவிட்டது.

"அடியே, அது இலையோட ஓட்டைடி!" என்றாள். "இம்புட்டு நாளும் நீதானே விடு விடுன்ன?"

"இது அந்த ஓட்டை இல்லக்கா."

"எப்புடிச் சொல்ற?"

"இலை தின்னுற பூச்சி பெரிய நரம்பைக் கடிக்காது. நரம்பைச் சுத்தித்தான் தின்னும். இது நரம்பு மேலயே இருக்குது பாருங்க."

நம்பாமல் பேனாவை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். பேனா முனை துணிக்குள் போய், முதுகுப் பக்கத் துணியில் முட்டி நின்றது. நிஜ ஓட்டை, நூல் அறுந்தது. பின்னால் இருந்த துணியும் கறுப்பு என்பதால், பதினேழோடு பதினெட்டாக உட்கார்ந்து ஏமாற்றியிருக்கிறது.

இத்தனை நாளாக என்னை அரித்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருடச் செக்கிங் என் கண்ணைக் கெடுத்துவிட்டது, இனி அதற்குக் குறையைத் தவிர எதுவும் தெரியாது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். கெடவில்லை. எது பழுது, எது இலை என்று இப்போது அதற்குத் தெரிந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ராமுத்தாய் அக்காவின் கையைப் பிடித்து அமுக்கிவிட்டேன். 'விடுடி, வலிக்குது' என்றாள்.

பின்னால் வேலுமணியண்ணன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அந்த பீஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நரம்பைக் கடிக்காதுங்களா?"

"கடிக்காதுங்க."

அந்த பீஸைக் கழிவு மூட்டையில் போட்டார். பிறகு, "அடுத்த சீசனுக்கு ஃபேக்ஸ் வந்திருக்குது. உங்க ஊட்டுப் பக்கத்துல இன்னும் குப்பை இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்குமுங்க. மருதம்மாக்கா கத்திரிச் செடியப் பிடுங்கோணும்னு சொல்லிட்டிருந்தாங்க."

"அப்ப மத்தியானத்துக்கு மேல மாடிக்குப் போயிருங்க."

"இந்தக் கட்டு முடிச்சுட்டுப் போறேனுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன்." எழுந்து நின்றேன். "அந்த ஒபேக் குப்பி எங்கண்ணுல படற எடத்துல இருக்க வேண்டாமுங்க. மேசை டிராயர்ல பூட்டி, சாவி காசியண்ணன்கிட்டயே இருக்கட்டும்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "சேரிங்க, சொல்லீர்றேன்" என்றார்.

கட்டு முடிய மூன்று மணியாயிற்று. மாடிக்குப் போனேன். ஏசி ஓடவில்லை. காசிமாயன் அண்ணன் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்து, மேலே ஒரு புது ஃபிலிமும் மடித்த கறுப்புத் துணியும் எடுத்து வைத்துவிட்டு டீக்குப் போயிருந்தார். அலமாரியில் குப்பி இல்லை. டிராயரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்தேன்.